தூளாகவே கொடுத்தனுப்பாதீர்கள்: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சில்லறை மருந்துக் கடைகளில் பணியாற்றும் பதிவுபெற்ற மருந்தாளுநர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பாக்டீரியாத் தொற்றுக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தான அமாக்ஸிசிலின் தூள் பாட்டிலைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச இந்த மடலை எழுதுகிறேன். தனி அமாக்ஸிசிலினாக இருந்தாலும், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த கூட்டு மருந்தாக இருந்தாலும், உங்கள் மேசையைத் தாண்டி வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது அது பெரும்பாலும் இன்னும் முழு மருந்தாக ஆகியிருப்பதில்லை. பாட்டிலின் அடியில் தூளும், லேபிளில் எதுவரை தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று காட்டும் ஒரு கோடும், பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்பும்தான் இருக்கின்றன. அதைக் குழந்தை குடிக்கத்தக்க மருந்தாக்கும் கடைசி வேலையை, காய்ச்சலில் சிணுங்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சில்லறை எண்ணும் தாயிடம் நாம் விட்டுவிடுகிறோம். அந்த வேலையைக் கடையிலேயே செய்துகொடுங்கள், இயலாத இடத்தில் செய்யும் முறையைக் காட்டிக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மருந்து ஏன் தூளாக வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பென்சிலின் குடும்பத்து மருந்துகளுக்கு உயிராக இருக்கும் பீட்டா லாக்டம் வளையம் என்ற வேதி அமைப்பு தண்ணீரில் மெல்ல மெல்லச் சிதையும். சூடு கூடினால் சிதைவும் விரைவுபடும். கிளாவுலானிக் அமிலம் அதைவிடவும் நொய்மையானது, ஈரப்பதத்தையே தாங்காதது. ஆகவே தண்ணீர் சேரும்வரைதான் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதிக்குப் பொருள் உண்டு. தண்ணீர் சேர்ந்த நொடியிலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. நம் நாட்டில் விற்கும் பாட்டில்களில் அது பெரும்பாலும் ஏழு நாள். பெட்டியில் இரண்டு ஆண்டு கழித்து வரும் தேதியைப் பார்த்துவிட்டு, கலக்கி மிஞ்சிய மருந்தை அலமாரியில் பத்திரப்படுத்தி, அடுத்த மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்ததும் எடுத்துக் கொடுக்கும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டாரின் அறியாமை என்று இதை நான் நினைக்கவில்லை. பெட்டியில் இருக்கும் ஒரே தேதியை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவுதான். கலக்கிய நாளையும் கடைசி நாளையும் லேபிளின் மேலேயே பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தால் இந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கலக்குவதில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா அளவும் இதைப் பொறுத்தே அமைகிறது. 30 மி.லி. பாட்டில் என்றால் 30 மி.லி. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தூளும் இடம் பிடிக்கும் என்பதால் அப்படி ஊற்றினால் கோட்டைத் தாண்டிவிடும், மருந்து நீர்த்துவிடும். இன்னொரு சாரார் கோடு வரைக்கும் ஒரே மூச்சில் ஊற்றிக் குலுக்குகிறார்கள். நுரை எழும்பிக் கோட்டை மறைக்கிறது. நுரை அடங்கிய பிறகு மருந்து கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. அடியில் தூள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் முதல் இரண்டு நாள் குழந்தைக்கு வெறும் இனிப்புத் தண்ணீர் போலவும், கடைசி நாளில் கெட்டியான குழம்பாகவும் மருந்து போகும். வெந்நீர் ஊற்றுகிறவர்கள் உண்டு, பால் ஊற்றுகிறவர்களும் உண்டு. சில நிறுவனங்கள் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு குப்பியில் சுத்திகரித்த நீரையும் வைத்து அனுப்புகின்றன. அது எதற்கென்று தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலைதான். மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரையோ பெட்டியில் வந்த நீரையோ கோட்டுக்குப் பாதிக்குச் சற்று மேலே வரும்படி ஊற்றி, மூடி, தூள் முழுவதும் நனையும்வரை குலுக்க வேண்டும். பிறகு கோடு வரை நிரப்பி மறுபடியும் குலுக்கி, நுரை அடங்கும்வரை பொறுத்து, அளவு இறங்கியிருந்தால் கோட்டைத் தொடும்படி மீண்டும் கொஞ்சம் விட வேண்டும். இதைக் கடையில் ஒருவர் தாயின் கண்முன்னே செய்துகாட்டிவிட்டால், இரண்டாவது பாட்டிலை அவரே பிசகில்லாமல் கலக்கிக்கொள்வார். ஒவ்வொரு வேளையும் ஊற்றுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும் என்ற சொல்லையும் அப்போதே காதில் போட்டுவிடலாம்.

இரண்டாவது பாட்டில் என்று சொன்னேன் அல்லவா? எனக்கு மிகவும் கவலை தரும் இடம் அதுதான். மருத்துவர் வேளைக்கு 5 மி.லி. வீதம் காலையும் இரவும் ஏழு நாள் என்று எழுதியிருந்தால் மொத்தம் 70 மி.லி. மருந்து தேவை. 30 மி.லி. பாட்டில் சரியாக மூன்றே நாளில் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் காய்ச்சலும் விட்டிருக்கும், பாட்டிலும் காலியாகியிருக்கும். மருந்து முடிந்துவிட்டது என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பே இல்லை. நாள் கணக்கை மருத்துவர் தீர்மானிக்கிறார், ஆனால் நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது பாட்டிலின் கொள்ளளவாக இருக்கிறது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் அழற்சிக்குப் பத்து நாள் மருந்து தருவது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பத்து நாளுக்கு, மேலே சொன்ன அளவிலேயே, நான்கு பாட்டில் வேண்டும். ஒரு பாட்டிலை மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தேவை ஏற்கெனவே சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதே சமயம், எல்லாப் பாட்டிலையும் ஒரே நாளில் கலக்கிவிடக் கூடாது, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைக் கலக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். தனி அமாக்ஸிசிலின் பாட்டில் 5 மி.லி.க்கு 125 மி.கி. வீரியத்திலும் 250 மி.கி. வீரியத்திலும் கிடைக்கிறது. கூட்டு மருந்தின் பெட்டியில் 228.5 என்றிருந்தால் 5 மி.லி.யில் 200 மி.கி. அமாக்ஸிசிலினும் 28.5 மி.கி. கிளாவுலானிக் அமிலமும், 457 என்றால் அதன் இரு மடங்கு. குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர் வேளைக்கு 250 மி.கி. என்று கணக்கிட்டிருந்தால், தனி அமாக்ஸிசிலினின் 125 மி.கி. பாட்டிலில் அது 10 மி.லி., 250 மி.கி. பாட்டிலில் 5 மி.லி. சீட்டில் மி.லி. மட்டும் எழுதி வீரியத்தை எழுதாத மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. ஆனாலும் அந்தச் சீட்டைக் கடைசியாகப் பார்க்கும் கண் உங்களுடையது. கேட்ட வீரியம் கையிருப்பில் இல்லையென்று வேறொன்றை எடுத்துக் கொடுத்து, அதே ஐந்து மி.லி.யைச் சொல்லி அனுப்பினால் குழந்தைக்குப் பாதி மருந்தோ இரட்டிப்பு மருந்தோ போகிறது. ஐயம் இருந்தால் மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

வீட்டில் அளப்பது எதனால்? சமையலறைக் கரண்டியால், பாலாடையால், சங்கால், அல்லது முன்பு வாங்கிய பாராசிட்டமால் பாட்டிலின் மூடியால். வீட்டுக்கு வீடு கரண்டியின் ஆழம் மாறும், ஐந்து மி.லி. என்று நினைத்து ஊற்றுவது மூன்றாகவும் இருக்கும், ஏழாகவும் இருக்கும். கைக்குழந்தைக்குப் பாலாடை பழகிய பொருள், அதில் புகட்டுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தை முதலில் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, பிறகு பாலாடையில் விட வேண்டும். புகட்டிய பின் பாலாடையில் ஒட்டியிருப்பதையும் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொடுத்துவிட வேண்டும். சிரிஞ்சாலேயே கொடுப்பதானால் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, தொண்டையில் ஊற்றுவது புரையேற வைக்கும். சில ரூபாய் விலையுள்ள அந்தச் சிரிஞ்சில், சொன்ன அளவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சரியாக அளப்பார்.

கூட்டு மருந்தைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் வயிற்றுக் கோளாறு குறையும் என்பதையும், தனி அமாக்ஸிசிலினுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பதையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். மூன்று வேளை மருந்தென்றால் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை; காலையில், பள்ளிவிட்டு வந்ததும், தூங்கப் போகும் முன் என்று இடைவெளி விட்டுக் கொடுக்கலாம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த அரை மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒரு முறை மீண்டும் கொடுக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றியும் கேட்டறிந்து சொல்லுங்கள். கலக்கிய கூட்டு மருந்து குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைய வைக்கும் அறையிலும் வைக்கக் கூடாது, திறந்து மூடிக்கொண்டே இருக்கும் கதவுத் தட்டிலும் வைக்கக் கூடாது. ஆனால் வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பவரிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று சொல்லி என்ன பயன்? வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்ற ஒரு கேள்வி, மருத்துவரிடம் பேசி மருந்தின் வடிவத்தையே மாற்றச் சொல்லும் வாய்ப்பை உங்களுக்குத் தருகிறது. ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கத்தக்க அமாக்ஸிசிலின் மாத்திரைகள் இருக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைப்பது 250 மி.கி. கரையும் மாத்திரையைத்தான். அதற்குக் கோடும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம், ஏழு நாள் கெடுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சில்லறைக் கடைகளில் சிரப்புக்குக் கிடைக்கும் அலமாரி இடத்தில் கால்வாசியாவது இதற்குக் கொடுக்கலாம்.

பாட்டிலை நீட்டும் முன், குழந்தைக்கு முன்பு பென்சிலின் வகை மருந்து ஒவ்வாமல் போனதுண்டா என்று கேட்டுவிடுங்கள். பென்சிலின் என்ற சொல் சீட்டில் இல்லாததால் அமாக்ஸிசிலினும் அதே குடும்பம் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. மருந்து கொடுத்த சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண் இமையோ வீங்குதல், மூச்சுத் திணறல் இவை தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். இளக்கமான வயிற்றுப்போக்கு அப்படிப்பட்டதல்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருந்தைத் தொடரலாம், ரத்தம் கலந்தோ தண்ணீராகவோ போனால் மட்டும் தாமதிக்கக் கூடாது. எல்லாத் தடிப்பும் ஒவ்வாமை அல்ல என்பதும் உண்மை. வைரஸ் காய்ச்சலின்போதும் குழந்தைக்குத் தடிப்பு வரும். ஒவ்வாமைதானா என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இல்லாத ஒவ்வாமையை அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கும், பிற்பாடு எளிய மருந்து போதும் இடத்திலும் கனமான மருந்து கொடுக்கப்படும்.

இவையெல்லாம் கருணையின் பேரில் நான் கேட்கும் சலுகைகள் அல்ல. அமாக்ஸிசிலின் 1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் H அட்டவணையில் இருப்பது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. சீட்டின் பேரில் மருந்து வழங்குவது பதிவுபெற்ற மருந்தாளுநராலோ அவருடைய நேரடி மேற்பார்வையிலோ நடக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. இந்திய பார்மசி கவுன்சில் கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டு நடைமுறை ஒழுங்குமுறைகள், மருந்தின் அளவு, எத்தனை நாள், எப்படி வைப்பது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பவற்றை நோயாளிக்கு எடுத்துச் சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. சளிக்கு ஏதாவது கொடுங்கள் என்று சீட்டில்லாமல் வருகிறவருக்கு இந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது ஒரு பக்கம் சட்ட மீறல். இன்னொரு பக்கம், சாதாரணச் சளி வைரஸால் வருவதால் அதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது.

மாலை ஆறு மணிக்கு மேல் கடை முன் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பதை நான் அறியாதவள் அல்ல. வெளியூர்ப் பேருந்தில் மூன்று மணி நேரம் போக வேண்டியவருக்குக் கலக்கிக் கொடுப்பதைவிடத் தூளாகக் கொடுப்பதே மேல் என்பதும் சரிதான். அவருக்குக் காலிப் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக் கோட்டைக் காட்டிச் சொல்லலாம். மற்றவர்களுக்காகக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு ஃபிளாஸ்கில் கடையில் இருக்கட்டும், மேசை இழுப்பறையில் சிரிஞ்சுகள் இருக்கட்டும். நிறைய கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கிறார். உரிமையாளர்கள் குறைந்தபட்சம் தூள் பாட்டில் விற்கும் வேளையிலாவது சான்றிதழுக்கு உரியவரை மேசைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர்கள் கடைக்கு வரும்போது இருப்புப் பதிவேட்டோடு இதையும் பார்க்க வேண்டும் என்று இம்மடலின் படி ஒன்றை அத்துறைக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்