சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு ஓகே சொல்ற டீம் லீடுகளுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சார், மேடம், வணக்கம்.

ரிலீஸ விடலாமா வேணாமான்னு முடிவு பண்ற கோ, நோ-கோ கால் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளையண்ட் லைன்ல இருக்காங்க, நீங்க எடுத்த உடனே "நம்ம சைடுல எல்லாம் ஓகே தானே?"ன்னு கேட்டுடுறீங்க. அதுக்கப்புறம் டெஸ்டிங்ல இருக்குற பொண்ணு "பேமெண்ட்ல ஒரு டவுட் இருக்கு சார்"னு எப்படி வாயத் திறக்கும்? மியூட்லயே இருந்துடும்.

1986 ஜனவரி 27 ராத்திரி சேலஞ்சர் விண்கலத்துக்கும் இப்படி ஒரு கால் தான் நடந்துச்சு. கலத்த மேல தூக்குற பூஸ்டர் ராக்கெட் செஞ்ச மார்ட்டன் தயோக்கால் கம்பெனி இன்ஜினியர்ங்க, பூஸ்டர் இணைப்புல கேஸ் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், அதான் ஓ-ரிங், குளிர்ல விறைச்சுக்கும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா விடாதீங்கன்னு சொன்னாங்க. நாசா ஆளுங்களுக்கு அது பிடிக்கல. உடனே கம்பெனிக்காரங்க மட்டும் லைன மியூட் பண்ணிட்டு அரை மணி நேரம் போல தனியா பேசுனாங்க, அங்க பெரிய மேனேஜர் ஒருத்தர் இன்ஜினியரிங் தலைவரப் பாத்து இன்ஜினியர் தொப்பியக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியப் போடுங்கன்னு சொல்லிட்டார், முடிவும் மாறிடுச்சு. மறுநாள் ஏவுன 73வது செகண்ட்ல கலம் சிதறி 7 பேரும் போயிட்டாங்க.

எனக்கு மனசு ஆறாத விஷயம் என்னன்னா, பதில் அவங்க கைலயே இருந்துச்சு. ரிங் அடிபட்ட ஃப்ளைட்ட மட்டும் எடுத்துப் பாத்ததால "75 டிகிரிலயும் தான் அடிபட்டிருக்கு, அப்ப குளிருக்கு என்ன சம்பந்தம்"னு தோணிருச்சு. நல்லா போன ஃப்ளைட்டையும் சேத்து விசாரணைக் கமிஷன் பின்னாடி பாத்தப்ப, 66 டிகிரியிலயோ அதுக்கு மேலயோ போன 20ல 3 தான் அடிபட்டிருக்கு, 63லயோ அதுக்குக் கீழயோ போன 4ம் அடிபட்டிருக்கு. அந்த அரை மணி நேரத்துல ஒருத்தர் ஒரு பேப்பர்ல இதப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

எல்லாத்துக்கும் இப்படி உக்காந்து யோசிக்கச் சொல்லல. ரோல்பேக் பண்ண, அதாவது பழைய வெர்ஷனுக்கே திரும்பப் போக முடியும்னா டக்குனு முடிவெடுங்க, அதுல நேரம் போடுறது வேஸ்ட். கஸ்டமர் டேட்டாவ வேற இடத்துக்கோ வேற வடிவத்துக்கோ மாத்துற மைக்ரேஷன், ஒருத்தர வேலைய விட்டு அனுப்புறது, இந்த மாதிரி திரும்ப எடுக்க முடியாததுக்கு மட்டும் கால் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் குடுங்க. அதுல ஆளாளுக்குத் தனியா எழுதட்டும், ஒருத்தர் எழுதுறத இன்னொருத்தர் பாக்க வேணாம். கேரி க்ளைன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ப்ரீமார்ட்டம்னு ஒரு முறை சொல்றார்: இந்த ரிலீஸ் ஏற்கனவே ஊத்திக்கிச்சுன்னு வச்சுக்கிட்டு ஏன் ஊத்துச்சுன்னு எழுதணும். இதுல யாரும் பாஸ எதிர்த்துப் பேசுற மாதிரி ஆகாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றாங்க அவ்ளோ தான், அதனாலயே பயந்தவங்களும் எழுதிருவாங்க.

எடுத்த முடிவையும் அப்ப என்ன தெரிஞ்சு எடுத்தீங்கன்றதையும் அந்த வேலையப் பதிஞ்சு வச்சிருக்கிற டிக்கெட்லயே நாலு வரி போட்டு வைங்க. கால்ல முதல்ல டீம்லயே ஜூனியர் பேசட்டும், நீங்க கடைசியா பேசுங்க சார். அடுத்த ரிலீஸ்லயே இதப் பண்ணிப் பாருங்க, ப்ளீஸ்.