மேடைக்கு எத்தனை படிகள்?

நாடக அரங்குகளை நிர்வகிப்பவர்களுக்கும், நாடக விழாக்களை நடத்துபவர்களுக்கும், நடிப்புப் பள்ளிகளின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சக்கர நாற்காலியில் இருந்தபடி நடிக்கும் நாடகக்காரன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் எங்கள் குழு நாடகம் போட்டது. அரங்க வாசலில் நல்ல சாய்தளம் இருந்தது. முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கென்று இடம் விட்டிருந்தார்கள். கழிப்பறைகூடச் சரியாகக் கட்டியிருந்தார்கள். மேடைக்கு மட்டும் ஏழு படிகள், ஒப்பனை அறைக்கு இன்னும் நான்கு. கடைசியில் நான்கு பேர் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினார்கள். திரை அதற்குள் விலகியிருந்ததால் மொத்த அரங்கமும் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கைதட்டியது. நான் அப்போது ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. நாடகம் நன்றாகவே போனது. ஆனால் அந்த முதல் கைதட்டல் அளவுக்குப் பெரிய கைதட்டல் கடைசிவரை வரவில்லை. அது எதற்காகக் கிடைத்தது என்று இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. 2019 ஜூனில் நியூயார்க்கில் டோனி விருது விழா நடந்தது. அமெரிக்க நாடக உலகுக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது. இசை நாடகத்தில் சிறந்த துணை நடிகைக்கான விருது அன்று ஆலி ஸ்ட்ரோக்கருக்குக் கிடைத்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர் டோனி வாங்கியது அதுவே முதல் முறை. மற்றவர்கள் பெயர் அறிவித்ததும் பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து, கட்டிப்பிடித்து, கையசைத்து மேடையேறினார்கள். ஸ்ட்ரோக்கர் மேடைக்குப் பின்னால் காத்திருந்து அங்கிருந்து வந்தார். இருக்கைப் பக்கத்திலிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லை. அதே இரவில் அவருடைய நாடகத்துக்கும் விருது கிடைத்தது. குழுவே மேடையில் திரண்டபோது அவரால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. விருது வாங்கிய கையோடு செய்தியாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அரங்குகளில் பார்வையாளர் பகுதியை எல்லோரும் வரும்படி ஆக்கிவிட்டார்கள், மேடையின் பின்பகுதியை ஆக்கவில்லை, உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் அதைக் கவனிக்க வேண்டும்.

நான் இந்த மடலில் கேட்கப்போவதும் இதைத்தான். எங்களைப் பார்க்க வருகிறவர்களாக நினைத்துத்தான் நீங்கள் கட்டடம் கட்டுகிறீர்கள். நாடகம் போட வருகிறவர்களாக உங்கள் கணக்கில் நாங்கள் இன்னும் இல்லை.

விழா மலர்களில் எங்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'புதிய முயற்சி' என்று போடுகிறீர்கள். அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எங்களுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

1980இல் இங்கிலாந்தில் நபீல் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் சேர்ந்து 'கிரேஐ' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஷபானுக்கு எலும்புகள் எளிதில் முறியும் நோய். நடிக்க வேண்டும் என்ற ஆசையோடு போனவருக்கு நடிப்புப் பள்ளிகளின் கதவு திறக்கவில்லை. சரி, நாமே ஒரு குழுவை உண்டாக்குவோம் என்று இறங்கினார். குழுவின் பெயர் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தது. ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்ட மூன்று சகோதரிகளின் பெயர் அது. இருப்பதைப் பங்குபோட்டு வேலையை முடிக்கும் மூன்று பெண்கள்! நாடகக் குழு ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை என்னால் யோசிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் வித்தியாசமான உடல் கொண்டவர்களைக் கூடாரத்தில் நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு காட்சிப்பொருளாகக் காட்டினார்கள். இந்தக் குழுவின் முதல் நாடகம் அந்தக் காட்சிக் கூடாரத்தையே கதைக்களமாக எடுத்துக்கொண்டது. உற்றுப் பார்க்கப்பட்டவர்கள் பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்தார்கள்.

அதே காலத்தில்தான் இன்னொரு சிந்தனையும் வலுப்பெற்றது. 1970களில் இங்கிலாந்தின் மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று, எங்களை முடக்குவது எங்கள் உடல் இல்லை, சமூகம் எழுப்பிய தடைகள்தான் என்று எழுத்தில் முன்வைத்தது. 1983இல் மைக் ஆலிவர் அதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் கொடுத்தார். கால் நடக்காதது ஒரு விஷயம். ஏழு படிகள் வேறு விஷயம். இரண்டாவதைக் கட்டியது ஒரு கொத்தனார், கட்டச் சொன்னது ஒரு நிர்வாகம். இந்தக் கருத்துதான் மாற்றுத்திறனாளர் கலை இயக்கத்துக்கு முதுகெலும்பு.

அந்த இயக்கத்தினர் வெறுமனே பாடி ஆடிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'டெலிதான்' என்று மணிக்கணக்கில் ஒரு நிகழ்ச்சி நடக்கும். மாற்றுத்திறனாளிகளைப் பரிதாபமாகக் காட்டி நன்கொடை திரட்டுவார்கள். 1990இலும் 1992இலும் பாடகர்களும் நடிகர்களும் எழுத்தாளர்களுமாக மாற்றுத்திறனாளிகள் ஒளிபரப்பு நிலையத்தின் முன் திரண்டு போராடினார்கள். 'இரக்கத்தின் மேல் மூத்திரம் பெய்' என்பது அவர்கள் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்ட முழக்கம். மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். பேசுவதற்கு முன்பே கைதட்டல் வாங்கியவனுக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும். 1992க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை.

இன்னொரு சம்பவம். 1981ஐ ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட ராக் பாடகர் இயன் டியூரிக்கு அந்த ஆண்டின் கருணைத் தொனி பிடிக்கவில்லை. தன்னைப் போன்றவர்களை வசைபாட உலகம் பயன்படுத்திய சொல்லையே எடுத்து, உரக்கக் கத்தும் ஒரு பாட்டாக்கினார். பிபிசி அதை ஒதுக்கி வைத்தது. டியூரி 2000இல் இறந்துபோனார். 2012 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கிரேஐ குழுவினர் அதே பாட்டைப் பாடினார்கள். விழாவை இயக்கிய இருவரில் ஒருவர் ஜென்னி சீலி. காது கேளாதவர். 1997இல் கிரேஐயின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றவர். ஒதுக்கப்பட்ட பாட்டு அந்த மைதானத்துக்கு வந்து சேர 31 ஆண்டுகள் ஆயின.

காது கேளாதோர் நாடகத்தின் வரலாறு இன்னும் கடினமானது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியில் கற்பிக்கக் கூடாது, வாய்ப்பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் விளைவாக, பல நாடுகளின் பள்ளிகளில் கையால் பேசியதற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1967இல் அமெரிக்காவில் காது கேளாதோர் தேசிய நாடகக் குழு உருவானபோது, அவர்களுடைய நிகழ்ச்சியை ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பவிருந்தது. சைகை மொழியைத் திரையில் காட்டாதீர்கள் என்று, காது கேளாதோருக்காகவே இயங்கிய ஒரு சங்கத்திடமிருந்து தந்தி போனது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகத்தான் செய்தது. 1980இல் ஃபிலிஸ் ஃப்ரெலிக் என்ற காது கேளாத நடிகை, சைகை மொழியில் நடித்துச் சிறந்த நடிகைக்கான டோனி விருது வாங்கினார். மிலான் தீர்மானங்களை நிராகரிப்பதாக அந்த மாநாட்டின் வழிவந்த சபை அறிவித்தது எப்போது தெரியுமா? 2010இல்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1991இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் குழு இசை நாடகங்களையே கையில் எடுத்தது. காது கேளாத நடிகர் சைகையில் பாட, இன்னொருவர் குரலில் பாடுவார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு உடல்கள். இசை எங்கே தொடங்குகிறது என்பது தோளில் விழும் ஒரு தொடுதலிலும் ஒரு விளக்கின் துடிப்பிலும் தெரிந்துவிடும். அந்தத் தொடுதல் ஒத்திகையில் கண்டுபிடிக்கப்பட்டு நடன அமைப்புக்குள்ளேயே நெய்யப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு அது ஓர் ஏற்பாடாகத் தெரியாது, நடிப்பாகத்தான் தெரியும். ஸ்ட்ரோக்கர் முதன்முதலில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வே மேடையில் நடித்ததும் இந்தக் குழுவின் 2015ஆம் ஆண்டு நாடகத்தில்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்களில் பலர் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நாடகத்துக்கு முந்தின நாள் அழைத்து, மேடையின் ஓரத்தில் ஒரு விளக்கின் கீழ் நிறுத்திவிடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காது கேளாத பார்வையாளர் ஓரத்தைப் பார்த்தால் நடிப்பு போகும், நடுவைப் பார்த்தால் வசனம் போகும். இரண்டு மணி நேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவர் பார்ப்பது நாடகத்தின் பாதிதான். சீலி இதை வேறு விதமாகச் செய்தார். மொழிபெயர்ப்பாளரை ஒரு பாத்திரமாகக் கதைக்குள் கொண்டுவந்தார். வசன எழுத்துகளை மேடை அமைப்பின் ஒரு பகுதியாக ஓடவிட்டார். பார்வையற்றவர்களுக்கான விவரிப்பை நடிகர்களின் வாயிலேயே வசனமாக வைத்தார்.

எங்கள் குழுவிலும் இது நடந்தது. பார்வையற்ற தோழர் ஒருவர் எங்களோடு நடிக்கிறார். ஒத்திகையில் ஒரு காட்சியில் மனைவி எதுவும் பேசாமல் கணவனின் சட்டையை மடித்து வைப்பாள். "அவ இப்ப என்ன செய்றா?" என்று தோழர் கேட்டார். நாங்கள் சொன்னோம். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பக் கேட்டார். ஒரு வாரம் முட்டி மோதினோம். கடைசியில் அவள் மடித்துக்கொண்டே ஒவ்வொரு சட்டையிலும் உதிர்ந்துபோன பொத்தான்களை எண்ணும்படி செய்தோம். "ஒன்று… இதில் இரண்டு…" நாடகத்தில் எல்லோரும் பேசுவது இன்று அந்தக் காட்சியைப் பற்றித்தான். முந்தின நாள் வந்து ஒட்டிய ஏற்பாடாக இருந்திருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம், பார்வையற்றோருக்காகக் காதொலிக் கருவியில் காட்சியை விவரிக்கும் முறை. அது 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் தொடங்கியது. அதை உருவாக்கிய மார்கரெட் ஃபான்ஸ்டீல் தாமே பார்வைக் குறைபாடு உள்ளவர். தேவை யாருக்கு இருந்ததோ அவரே வழி கண்டார்.

நடிகர் தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு வளைந்த உடல் கொண்ட அரசன். 2012இல் லெஸ்டர் நகரின் ஒரு வாகன நிறுத்தத்துக்கு அடியில், வரலாற்றில் வாழ்ந்த அந்த இங்கிலாந்து அரசரின் எலும்புக்கூடு கிடைத்தபோது, முதுகெலும்பு உண்மையிலேயே வளைந்திருந்தது தெரிந்தது. நானூறு ஆண்டுகளாக அந்தப் பாத்திரத்தை ஏற்றவர்கள் பெரும்பாலும் கூனை ஒட்டிக்கொண்டோ காலைச் சாய்த்துக்கொண்டோ நடித்தவர்கள். அவர்களில் மகத்தான நடிகர்கள் உண்டு, அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் உடல் குறைபாடுள்ள நடிகர் ஒருவருக்கு, ஆர்தர் ஹியூஸுக்கு, அந்தப் பாத்திரம் கிடைக்க 2022 ஆகிவிட்டது. எங்கள் உடலை நடித்துக்காட்டினால் விருது கிடைக்கிறது. அந்த உடலோடு வந்தால் வாசலில் "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். அனுபவம் தரும் பள்ளிகளின் சேர்க்கைத் தேர்விலேயே ஓட்டமும் குட்டிக்கரணமும் இருந்தால் அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? பள்ளிகளின் பொறுப்பில் இருப்பவர்களை இந்த மடலில் சேர்த்தது இதற்காகத்தான்.

"தரம் குறைந்துவிடுமே" என்று நேரில் சொல்லத் தயங்கி, தனியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் குழுவைப் பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று உலகம் முத்திரை குத்தியவர்களே அதன் மைய நடிகர்கள், அவர்களே நாடகத்தைச் சேர்ந்து உருவாக்குகிறார்கள். 2022இல் சர்வதேச இப்சன் விருது, 2024இல் வெனிஸ் நகரின் 'பியன்னாலே' நாடக விழாவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம். இரண்டுமே நாடக உலகின் உச்ச விருதுகள். ஒரே குழுவாக ஆண்டுக்கணக்கில் கூடி வேலை செய்ததால் வந்த தரம் அது. அந்த அவகாசத்தை எங்களுக்கும் கொடுங்கள். ஒரு நாள் சிறப்பு நிகழ்ச்சியை வைத்து எடைபோடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, நாங்கள் கலையைப் பார்ப்பதற்கான உரிமையோடு நிற்கவில்லை. எங்கள் படைப்பாற்றலை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. எங்கள் நன்மைக்காக மட்டும் இல்லாமல், சமூகம் செழிக்கவும் என்று சேர்த்தே சொல்கிறது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த நாடகத்துக்கு வரவு செலவுத் திட்டம் போடும்போது மொழிபெயர்ப்பாளர், விவரிப்பாளர், உதவியாளர், வண்டிச் செலவு எல்லாவற்றையும் விளக்குக்கும் உடைக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று கடைசி வரிக்குத் தள்ளினால் மிச்சம் இருக்காது. ஒத்திகைக் கூடத்தை மாடியில் வைக்காதீர்கள். ஒத்திகை நேரத்தைக் கூட்டுங்கள். எங்கள் குழுவுக்கு இடைவேளைகள் அதிகம் தேவை, அதை ஒளிக்க எங்களுக்கு விருப்பமில்லை. மற்ற குழுக்களுக்குத் தரும் அதே சன்மானத்தை எங்களுக்கும் தாருங்கள், பொன்னாடையும் நினைவுக் கேடயமும் அதற்கு ஈடாகாது. தேர்வுக் குழுவில் எங்களில் ஒருவரை உட்காரவையுங்கள்.

அடுத்த விழாவுக்கு எங்கள் குழுவும் விண்ணப்பிக்கும். உங்கள் படிவத்தில் நாடகத்தின் நீளம், நடிகர் எண்ணிக்கை, விளக்குத் தேவை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே 'மேடையேறி நடிக்க உங்கள் குழுவுக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் நிரப்பி அனுப்புகிறோம். படிவம் அச்சாவதற்கு முன் ஒரு மாலை உங்கள் அரங்குக்குப் போய், மேடையின் பின்பக்கமாக நின்று, படிகளை எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு நாடக நடிகன்