அடுத்த வாக்கெடுப்பிலாவது எதிர்த்து ஓட்டுப் போடாதீர்கள்

இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கும், ஐ.நா.வில் நம் நாட்டின் பெயரால் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். மரண தண்டனையை நிறுத்திவையுங்கள் என்ற தீர்மானம் 2007இல் பொதுச்சபைக்கு வந்தபோது 104 நாடுகள் ஆதரித்தன. 2024 டிசம்பரில் ஆதரவு 130, எதிர்ப்பு 32. அந்த 32இல் நாமும் இருக்கிறோம். கேட்டால் பதில் மாறுவதே இல்லை: எங்கள் சட்டம் எங்கள் உரிமை, அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு.

அப்படிப்பட்ட வழக்கு ஒன்றைத் தமிழ்நாடு முப்பது வருடம் பார்த்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. வெடிகுண்டுக்காக அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னது இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். 1999இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தது, குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு போனது, பதினோரு வருடம் பதிலே இல்லை, அத்தனை வருடமும் மகன் உயிரோடு திரும்புவானா என்று தெரியாமல் அற்புதம்மாள் சிறை வாசலுக்கு நடந்தார். 2011இல் மனு தள்ளுபடியானது, செப்டம்பர் 9 தூக்கு என்று நாளும் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்ததால்தான் உயிர் தப்பியது.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று. குறித்த நாளில் தூக்கு நடந்திருந்தால், இதைக் கேட்க பேரறிவாளன் இருந்திருக்க மாட்டார். 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்து, 2022 மே 18இல்தான் விடுதலையானார்.

ஸ்ரீபெரும்புதூரில் உறவுகளை இழந்த குடும்பங்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. குற்றவாளியைத் தண்டிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. தவறு தெரிந்த பிறகு திருத்த ஓர் ஆள் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயங்கரவாத வழக்குகள், நாட்டுக்கு எதிரான போர் இவற்றைத் தவிர மற்றதில் தூக்கை எடுத்துவிடலாம் என்று 2015இல் நம் சட்ட ஆணையமே சொன்னது. யார் கேட்டார்கள்? புதிதாக எழுதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தூக்கு இருக்கிறது. நிபுணர்களை உட்காரவைத்து அறிக்கை வாங்குவதும், வாங்கியதும் மூடிவைப்பதும் எல்லாத் துறையிலும் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஐ.நா. தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அதனால் நம் சட்டத்தில் ஓர் எழுத்துகூட உடனே மாறாது. அடுத்த முறை அது வரும்போது ஆதரியுங்கள். முடியாது என்றால் நடுநிலையாவது வகியுங்கள். தயவுசெய்து எதிர்த்து மட்டும் ஓட்டுப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்