ஆம்பூர் இன்னும் வேலூர் மாவட்டத்திலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலைப்பதிவு தொடங்குவோருக்குச் சென்ற இதழில் தந்த யோசனைகளில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. கூகுளில் முதலில் வர, முக்கியச் சொல்லைக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லியிருந்தீர்கள். அது காலாவதியான வித்தை. பக்கத்தின் முக்கியச் சொற்களைப் பட்டியலிட உள்ளே மறைவாக வைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ள 2011-இல் கூகுளின் தரவரிசை முறையில் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தது. சொல் திணிப்பு இன்று கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் குறித்தே தடுக்கப்பட்டிருக்கிறது.

இதனால் அவதிப்படுவது வாசகர்தான். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளியின் மகன் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று தேடுகிறார். தரவரிசைக்காக எழுதிய கட்டுரை கோட்டை வரலாற்றில் தொடங்கி, 1806 சிப்பாய்ப் புரட்சியைச் சுற்றிவந்து, ஆறாவது பத்தியில்தான் பஸ் பேச்சை எடுக்கும். நடுவில் 'வேலூர் சிஎம்சி சிறந்த லாட்ஜ்' பத்து இடத்தில். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: தூரம் 6, 7 கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. ஆனால் 2022-இல் ராணிப்பேட்டை வளாகம் திறந்தபின் சில துறைகள் அங்கே போய்விட்டன. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இது முதல் பத்தியில் இருக்க வேண்டும். கோட்டைக்குத் தனிப் பதிவு எழுதலாமே.

சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், பாகாயம் என்று இடத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையை நாலு பக்கமாகப் போடுவதும் விதிமீறல்தான். டோர்வே பக்கம் என்பார்கள். உள்ளே ஓர் எழுத்தையும் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பது எனக்கு அதைவிட மோசமாகப் படுகிறது. 2019 நவம்பரில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாகிவிட்டன; ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. புதிய தேதி போட்ட பக்கம் இன்னமும் ஆம்பூரை வேலூர் மாவட்டத்தில் வைத்திருந்தால், தாலுகா அலுவலக வேலையாக அலைபவர் அதை நம்பி எந்த கலெக்டர் ஆபீசுக்குப் போவார்?

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்க முகவரியைத் தமிழெழுத்தில் வைத்தால், நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக (%) உடைந்துவிடும். கணினி தமிழைச் சேமிக்கும் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் ஒன்பது எழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 'வேலூர்' என்பதில் குறியீடுகள் ஆறு. ஆக இந்த ஒரு சொல்லே 54 எழுத்து நீளும். அனுப்பியவரே ஏதோ வைரஸ் என்று பயப்படுவார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். வெளியிட்டபின் முகவரியை மாற்ற நேர்ந்தால், பழையதைத் திறப்பவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் '301 திருப்பிவிடல்' போட மறக்கக் கூடாது. மறந்தால் பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துப்போகும்.

தேடுபொறியை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், மக்கள் தட்டிய சொற்கள் பல அப்படியே கிடைக்கும். மூன்று மாதக் கணக்கை எடுத்து, இம்ப்ரெஷன்படி, அதாவது தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதன்படி, வரிசைப்படுத்துங்கள். தேடல் முடிவில் சராசரி இடம் முதல் ஐந்துக்குள் இருந்தும் கிளிக் விழவில்லையென்றால் முதலில் தலைப்பைத் திருத்திப் பாருங்கள். கோட்டைப் பதிவுக்கு 'மியூசியம் லீவு எந்த நாள்' என்று தேடி ஆள் வருகிறதா? அந்தப் பதில் உள்ளே இல்லையென்றால், விசாரித்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.