தகரம் வேண்டாம், மாப்ளே

மாப்ளே,

இங்கு எல்லோரும் நலம். அங்கே அத்தை, தங்கச்சி, வாலு எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கோயில் கலையரங்கத்துக்குத் தகரக் கூரை என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது, நீதான் முதலில் கையெழுத்துப் போட்டாய் என்று நம்ம பம்பைக்காரர் போனில் சொன்னார். ஏன்டா, உனக்கா இந்த அவசரம்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படி.

பாப்பாவைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன் அல்லவா, எஸ்பிளனேடு கலையரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். 2002 அக்டோபரில் அது திறந்த சமயம் உன் தம்பி ஊருக்கு வந்து, அந்தக் கட்டடத்துக்கே காது இருக்கிறது என்றானே, நாம் ராத்திரி முழுக்க அவனை ஓட்டினோம். அவன் சொன்னது சத்தியம். வெளியே முள் முள்ளாக இருப்பதால் டுரியான் என்கிறார்கள், அது கிடக்கட்டும். உள்ளே கச்சேரி மண்டபத்தில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை நிகழ்ச்சிக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிறார்கள். சுவருக்குப் பின்னால் வெற்று அறைகள். அவற்றின் கனத்த கதவுகளைத் திறந்தால் ஓசை நீண்டு நின்று கரையும், மூடினால் சட்டென்று அடங்கும். ரஸ்ஸல் ஜான்சன் என்ற ஒலியியல் நிபுணர் அமைத்தது. மைக் இல்லாத கச்சேரி அன்று. வயலின்காரப் பெண் வில்லை எடுத்த பிறகும் கடைசிச் சுரம் மேலேயே நின்றது, ஒரு ஆள் இருமவில்லை.

எனக்கு நம் உடுக்கைக்காரர் ஞாபகம்தான். அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மடியும் படுகளத்துக்கு வரும்போது குரலைத் தாழ்த்தி, உடுக்கைக் கயிற்றை அழுத்தி ஓசையைக் குழைப்பாரே, முன்வரிசையைத் தாண்டி அதை யார் கேட்டார்கள்? போன பூச்சாட்டுத் திருவிழாவில் தகரப் பந்தல்மேல் தூறல் விழுந்ததும் அவர்கள் தங்கை தங்காளின் அழுகை மொத்தமும் போயிற்று.

அவ்வளவு பெரிய அரங்கம் நமக்கு எதற்கு? ஓட்டுக்கூரை போடு. பின்சுவரில் டைல்ஸ் ஒட்டாதே, எதிரொலிதான் மிஞ்சும். மேடையின் இரண்டு பக்கமும் மரப்பலகையைச் சாய்த்து வைத்தால் குரல் கூட்டத்தைப் பார்த்து வரும். ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடு, போதவில்லையென்றால் என் வரியோடு சேர்த்து எழுது. உடுக்கைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டதுடா. பின்னால் பாட அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வருகிறேன், மேஸ்திரியை இருக்கச் சொல். அப்புறம், அத்தையிடம் கொள்ளுப் பருப்புக்குச் சொல்லி வை.