தமிழ்ச் செய்தியோடை ஒன்றைத் திறந்து வையுங்கள்

கொழும்பிலுள்ள திணைக்களங்களினதும் உள்ளூராட்சி மன்றங்களினதும் இணையத்தளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீர்வெட்டு, கேள்விமனு, பதவி வெற்றிடம், விண்ணப்ப முடிவுத் திகதி என்று நீங்கள் வெளியிடும் அறிவித்தல்களுக்காக வெள்ளவத்தைக் கடைக்காரரோ கொட்டாஞ்சேனையில் வேலை தேடும் பிள்ளையோ நாளுக்கு இருபது தளங்களைத் திறந்து பார்க்க முடியாது. முகநூலில் இட்டால், யாருக்கு எப்போது காட்டுவது என்பதை முகநூலே தீர்மானிக்கிறது. நீர் வந்த பிறகு நீர்வெட்டுச் செய்தி வந்து என்ன பயன்?

ஆர்.எஸ்.எஸ். செய்தியோடை இதற்கென்றே உள்ளது: தளத்தில் புதிதாக இடுபவற்றின் பட்டியலைத் தாங்கிய ஒரு கோப்பு அது; வாசிப்பான் என்ற செயலி அதை அவ்வப்போது பார்த்துப் புதியவற்றை எடுத்துவரும். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற வாசிப்பான் மூடப்பட்டதோடு ஓடைகளும் முடிந்துவிட்டன என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. பொட்காஸ்ட்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஃபீட்லி, இனோரீடர் போன்ற வாசிப்பான்கள் புதியவற்றை நேர வரிசையில் சேர்த்துத் தருகின்றன. வீட்டு வைஃபையில் இறக்கி வைத்ததை, காலி வீதி பஸ்ஸில் டேட்டா இல்லாமலே வாசிக்க வசதி தரும் செயலிகளும் உண்டு.

உங்கள் தளம் வேர்ட்பிரஸில் இருந்தால் ஓடை ஏற்கெனவே இருக்கிறது: முகவரியின் முடிவில் ‘/feed’ என்று சேர்த்தால் திறக்கும். திறக்காவிட்டால் பெரும்பாலும் பாதுகாப்புச் செருகி மறித்திருக்கும். “நீங்கள் மனிதரா?” என்று கேட்கும் பக்கத்தை வாசிப்பான் தாண்டாது, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். சேர்வருக்குச் சுமை என்று அஞ்ச வேண்டாம். மாற்றம் இல்லாதபோது 304 என்ற சிறு பதிலோடு வேலை முடிந்துவிடும்.

கையால் கட்டிய ஓடைகளில்தான் பிழைகள் அதிகம். தலைப்பில் வரும் ‘&’ குறியை உரிய குறியீடாக மாற்றாவிட்டால் ஓடை எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். வடிவம் உடைந்து ஓடை முழுவதும் நின்றுபோகும். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் தனித்தனியே உள்ள ஜி.யு.ஐ.டி. என்ற அடையாளம் தலைப்பைத் திருத்தினாலும் மாறக்கூடாது; மாறினால் பழையவை எல்லாம் புதியவையாக மீண்டும் வந்து குவியும். நேரத்தின் முடிவில், இலங்கை நேரத்தைக் குறிக்கும் +0530 இருக்க வேண்டும். +0000 என்று விட்டால் காலை 8 மணிக்கு இட்டது பிற்பகல் 1.30க்கு வெளியானதாகப் பதிவாகும்.

தமிழ் அரசகரும மொழி. ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குத் தனி ஓடை வேண்டும். அதில் எழுத்து யுனிகோடாகவே இருக்கட்டும். வாசிப்பான் உங்கள் எழுத்துருவைப் பயன்படுத்தாது என்பதால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது அங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஸ்கேன் செய்த பிடிஎப் ஒன்றை “அறிவித்தல்” என்ற தலைப்போடு விடுவதும் போதாது. “கிருலப்பனை, 14ஆம் திகதி, காலை 9 முதல் மாலை 5 வரை நீர்வெட்டு” என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

வெளியிடுமுன் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் ஓடைச் சரிபார்ப்பானில் ஒரு தடவை சோதியுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் இடுங்கள். இல்லாவிட்டால் அறிவித்தல்கள் நின்றுபோனது வாசகருக்குத் தெரியவே வராது. இடம் மாறிய செய்தியும் அந்தப் பழைய ஓடையில்தானே வர வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செய்தியோடை வாசகர்கள் சிலர்,
கொழும்பு