சாட்ஸ்வொர்த் உறவுகளுக்கு என் நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் சாட்ஸ்வொர்த்தில் வாழும் அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு இப்போது மறுபடி கார் ஓட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, என்2 நெடுஞ்சாலை வழியாக உம்கேனி ரோடு கோயிலுக்கு நானே கூட்டிப்போனேன். காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதலில், சிகிச்சை தந்த அக்கா. கால் இயங்காதவர் கையாலேயே ஓட்டலாம். நெம்புகோலை முன்னே தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம், மறு கையில் ஸ்டியரிங் குமிழ். கேட்க எளிதுதான். ஆனால் குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் மனம் இன்னும் காலைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தை நிஜச் சாலையில் மாற்ற முடியுமா? அதனால்தான் அக்கா மெய்நிகர் பயிற்சியில், அதாவது கணினி காட்டும் சாலையில் கார் ஓட்டிப் பழகும் பயிற்சியில், உட்காரவைத்தார். கண்ணை மூடும் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டால் சொந்தக் கைகூடத் தெரியாது. நெம்புகோலைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் கை பழகியது அப்படித்தான். மழை, இருட்டு, திடீர் பிரேக் என்று ஒரே சாலையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், மோதினாலும் யாருக்கும் காயமில்லை.

குமட்டல்தான் பெரும் பாடு. வண்டி ஓடுகிறது என்று கண் சொல்லும், உடம்பு அசையவில்லை என்று காதின் உட்பகுதி சொல்லும். அக்கா அவசரப்படுத்தவே இல்லை. சில நிமிடம் ஓட்டம், மின்விசிறிக் காற்று, அப்புறம் மறுபடி. உணர்ச்சியில்லாத இடத்தில் புண் வராமலிருக்க, கையை ஊன்றி உடம்பை இருக்கையிலிருந்து சற்றே தூக்கச் சொல்லி நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

மென்பொருளில் வண்டிகள் வலப்பக்கம் ஓடின. அடுத்த தெருத் தம்பி ராத்திரியெல்லாம் விழித்திருந்து நம்மூர்ப்படி இடப்பக்கமாக மாற்றினான். சட்டென்று நிற்கும் மினிபஸ் டாக்ஸிகளையும் சேர்த்தான்!

ஆனால் அந்தப் பயிற்சிக் கருவியின் இருக்கை அசையாது. வளைவில் உடம்பு சாய்வதை அதில் பழக முடியாது. வயிற்றுத் தசை பிடிக்காத எனக்கு அது பெரிய விஷயம். அதைப் பழக்கியவர் மாமா. ஞாயிறு காலைகளில் காலியான கார் நிறுத்துமிடத்தில் எனக்கு நெஞ்சுப்பட்டை கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நெம்புகோல் பொருத்திய மெக்கானிக் அண்ணன் கூலி வாங்கவில்லை. சாமானுக்கான பணம் கோயில் பெண்கள் பிரியாணி விற்றுத் திரட்டியது. பெரியம்மா, அந்தப் பெரிய அண்டாக்களைத் தூக்கிய உங்கள் கைகளுக்கு என் வணக்கம்.

பயிற்சிக் கருவி அக்காவின் அறையிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் தண்டுவடத்தில் அடிபட்டவர் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நானே காரில் வந்து கூட்டிப்போகிறேன்.